மரத்துக்கு நாவுண்டோ?

மரபியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. மரபியல், தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல். உயிர்களை அறிவுவகையால் ஆறாகப் பகுக்கும் சூத்திரங்கள் அதிலே உள்ளன. புல்லும் மரமும் ஓரறிவுயிர். உடம்பினால் உற்று அறியும் அறிவு ஒன்றே அவற்றுக்கு உண்டு. நந்தும் முரளும் ஈரறிவுயிர். நத்தையும் சிப்பியும் போல்வன அவை. உற்றறிவோடு, நாவினாற் சுவைத்து அறியும் அறிவும் அவற்றுக்கு உண்டு. இவ்வாறு படிப்படியாக ஏறிச் சென்று, மனம் என்னும் ஆறாவது அறிவு உடையவனாக மனிதனை நிறுத்துகின்றார் ஆசிரியர்.

ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, மரத்துக்கு நாவில்லை என்பது சரிதானா? வெல்லம் வந்ததா இல்லையா என்று அறிந்துதான் குருத்து வளர்கின்றது என்று தாவரவியல் வகுப்பிலே படித்தேனே."

வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, விடையும் சொல்லவில்லை. விடை தெரிந்தால் அன்றோ சொல்வது! 'நாளை பார்ப்போம்' என்று அடுத்த சூத்திரத்துக்குப் போய்விட்டேன். ஆசிரியத் தொழிலிலே இது பழைய தந்திரம்.

அந்த நாளை பல வாரம் ஆயிற்று. விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரை அணுகினேன். அவர் பொறுமையுள்ளவர். எனக்கு விளங்கும்வரை சொன்னார். அவர் சொல்லக் கேட்டதையும், பின்னர் படித்து அறிந்ததையும் இங்கே எழுதுகின்றேன். மாணவனுக்கு நான் பட்ட கடன் இது.

குருத்தின் இயல்பு

மரம் வளர்கின்றது என்கின்றோம். மரம் முழுவதும் வளர்வதில்லை. விரிந்து முற்றிய இலை பின்னர் விரிவதில்லை. வளர்ச்சி நிகழும் இடங்கள் சில. அவற்றுள் தலையானவை இரண்டு: தண்டின் நுனி ஒன்று, வேரின் நுனி மற்றொன்று. தென்னையின் குருத்து அழிந்தால் மரம் அழிகின்றது. ஏனைய ஓலைகள் பச்சையாய் நின்றும் பயனில்லை.

அந்த நுனியிலே மிகச் சிறிய கலக்கூட்டம் ஒன்று உண்டு. அவற்றைக் குருத்துக் கலங்கள் எனலாம். அவை பிரிந்து பெருகும்போது ஒரு பங்கு பழைய நிலையிலேயே தங்குகின்றது. மறு பங்கு இலையாகவும் தண்டாகவும் பூவாகவும் மாறுகின்றது. நல்ல கமக்காரன் விதைநெல்லைத் தனியே கட்டி வைத்துவிட்டே மிகுதியை உண்கின்றான். குருத்தும் அவ்வாறே செய்கின்றது. முதலைத் தின்பதில்லை. அநுராதபுரத்து வெள்ளரசு ஈராயிரம் ஆண்டு கடந்தும் இன்றும் தளிர்ப்பது இம்முறையினாலே.

இந்தக் கலங்களைக் காத்து நிற்கும் பரம்பரையலகு ஒன்றை 1996இல் ஜேர்மனிய ஆய்வாளர் விரித்துக் கூறினர். அவர்கள் ஆராய்ந்தது அரபிடொப்சிசு என்னும் சிறு செடி. கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த களை அது. அந்தப் பரம்பரையலகு பழுதுபட்ட செடியிலே குருத்து நிலைக்கவில்லை. தோன்றியது, நின்றது, வேறோரிடத்தில் மீண்டும் தோன்றியது, மீண்டும் நின்றது. செடி பறட்டைத்தலை போல ஆயிற்று. ஆகவே அதற்கு 'வூஷல்' என்று பெயரிட்டனர். கலைந்த தலைமயிரைக் குறிக்கும் ஜேர்மன் சொல் அது. விஞ்ஞானிகளும் பெயர் இடுவதிலே சுவை அறிந்தவர்களே.

குருத்துக் கலம் எப்போது பிரிய வேண்டும்? எப்போது பிரியாது காத்திருக்க வேண்டும்? இதுவே மாணவன் கேட்ட கேள்வியின் வேர்.

உணவும் செய்தியும்

இலை ஒளியைக் கொண்டு வெல்லம் ஆக்குகின்றது. இதனை ஒளித்தொகுப்பு என்பர். ஆக்கிய வெல்லம் பெரும்பாலும் சுக்குரோசு என்னும் வடிவிலே உரியம் என்னும் குழாய்களின் வழியே செல்கின்றது. இளங்குருத்துத் தனக்கு வேண்டியதைத் தானே ஆக்க வல்லதன்று. இலை அனுப்பினால் உண்டு. வேர்நுனியோ மண்ணுக்குள்ளே இருளில் கிடப்பது. அதற்கும் மேலிருந்து வந்தால் உண்டு.

வெல்லம் வந்தால் வளரும், வராவிட்டால் வளராது. இதிலே புதுமை யாது? விறகு உள்ளபோது அடுப்பு எரிகின்றது, தீர்ந்தால் அணைகின்றது. அடுப்பு விறகை அறிகின்றது என்று யாரும் சொல்வதில்லை.

நானும் இப்படித்தான் நினைத்தேன். நண்பர் மறுத்தார். அடுப்பைப் பார்க்க வேண்டாம், சமைப்பவளைப் பாருங்கள் என்றார். அரிசிப் பானையைத் திறந்து பார்த்து, இருப்பதற்கு ஏற்ப உலை வைக்கின்றாள் இல்லாள். அரிசி உணவு. அரிசி எவ்வளவு உண்டு என்பது செய்தி. உணவு வயிற்றுக்குச் செல்வது. செய்தி அறிவுக்குச் செல்வது. ஒரே பானையிலிருந்து இரண்டும் வருகின்றன.

செடியிலே இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காட்ட முடியுமா? முடியும் என்று காட்டினார்கள். அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்தில் ஜென் ஷீன் என்னும் அம்மையாரின் ஆய்வுகூடத்தினர் செய்த சோதனை அது.

செடியின் கலத்துக்குள்ளே குளுக்கோசைக் கையாளும் நொதியம் ஒன்று உண்டு. எக்சோகைனேசு என்பது அதன் பெயர். குளுக்கோசைப் பயன்படுத்துவதற்கான முதற் காரியத்தைச் செய்வது அதுவே. அரபிடொப்சிசு நாற்றுக்கு அளவு கடந்து குளுக்கோசைக் கொடுத்தால், நாற்று வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றது. வித்திலைகள் பச்சை பிடிப்பதில்லை. நொதியம் பழுதுபட்ட நாற்றோ நிறுத்தவில்லை. அதே குளுக்கோசிலே பச்சையாய் வளர்ந்தது.

இதனால் முடிவு கட்ட இயலாது. அந்த நாற்று குளுக்கோசை உண்ண மாட்டாமையால் அப்படி ஆயிற்றா? அல்லது அறிய மாட்டாமையால் ஆயிற்றா? ஐயம் நிற்கின்றது.

2003இல் அந்த ஐயம் நீங்கியது. நொதியத்தின் தொழிலை மாத்திரம் கெடுத்து, ஏனைய உருவத்தைக் கெடுக்காமல் பழுதுபட்ட செடிக்குள் மீண்டும் வைத்தார்கள். அந்த நொதியம் குளுக்கோசை மாற்றவல்லதன்று. ஆயினும் நாற்று முன்போலவே மிகுதியான குளுக்கோசை அறிந்து வளர்ச்சியை நிறுத்தியது. உண்ணும் தொழில் நீங்கியும் உணரும் தொழில் எஞ்சியது. ஒரே நொதியம் கையாகவும் இருக்கின்றது, அறிகருவியாகவும் இருக்கின்றது. கையை வெட்டியபோதும் அறிவு போகவில்லை.

இதைக் கேட்டபோது மாணவனின் கேள்வி எனக்குச் சிறிதாகத் தோன்றவில்லை.

உறங்கும் வேரை எழுப்புதல்

குருத்துக் கலங்களை வெல்லம் எழுப்பும் முறை 2013இல் அதே ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்தது. விதையிலே தாய்ச்செடி கட்டிக்கொடுத்த உணவு சிறிது உண்டு. ஒளித்தொகுப்பு நிகழ விடாமல் நாற்றை வைத்தால், மூன்று நாளில் அந்தக் கட்டுச்சோறு தீர்ந்துவிடும். வேர்நுனிக் கலங்கள் பிரிவதை நிறுத்துகின்றன. அவை சாகவில்லை, உறங்குகின்றன. சிறிது குளுக்கோசைக் கொடுத்தால் எழுந்து மீண்டும் பிரிகின்றன.

எழுப்புவது 'ரோர்' என்னும் புரதம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஈஸ்ரர் தீவு இருக்கின்றது. தீவினர் தம் தீவை ராப்பா நூயி என்பர். 1964இல் கனடாவிலிருந்து அங்கே சென்ற மருத்துவக் குழுவினர் மண் எடுத்து வந்தனர். அந்த மண்ணில் வாழும் பற்றீரியா ஒன்று தரும் பொருளை 1975இல் வெளிப்படுத்தினர். தீவின் பெயராலே அது ராப்பமைசின் ஆயிற்று. 1991இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தார், மதுவத்திலே ராப்பமைசின் தாக்கும் இலக்கு எது என்று தேடி, 'ரோர்' புரதத்துக்குரிய பரம்பரையலகைக் கண்டனர். 'ராப்பமைசினின் இலக்கு' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே ரோர். மதுவத்திலும் செடியிலும் மனிதனிலும் இப்புரதம் உண்டு. உயிர் வளரலாமா என்று தீர்மானிக்கும் இடங்களுள் இது தலையானது.

வேர்நுனியிலே ரோரைத் தடுத்துவிட்டுக் குளுக்கோசைக் கொடுத்தால் கலங்கள் எழுவதில்லை. உணவு பக்கத்திலே இருந்தும் உறங்குகின்றன. தடையில்லாதபோது, ரோர் கலப்பிரிவுக்குரிய கருவிகளை எழுப்புகின்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பரம்பரையலகுகளின் தொழில் மாறுகின்றது.

இங்கே நுட்பம் ஒன்று உண்டு. எக்சோகைனேசு குளுக்கோசையே நேரிற் கண்டு அறிகின்றது. ரோர் அப்படியன்று. குளுக்கோசு எரிந்து சத்தி பிறந்த பின்னரே ரோர் எழுகின்றது. முன்னது பானையைத் திறந்து பார்ப்பதை ஒக்கும். பின்னது சோறு வேகும் மணத்தால் அறிவதை ஒக்கும். செய்தி ஒன்று, அறியும் வழி வேறு.

தண்டின் குருத்து வேரினும் எச்சரிக்கை உடையது. வேர்நுனிக்குக் குளுக்கோசு போதும். தண்டின் குருத்துக்கு வெல்லத்தோடு ஒளியும் வேண்டும். 2016இல் கைடல்பேர்க் ஆய்வாளரும் 2017இல் பொஸ்ரன் ஆய்வாளரும் இதனைக் காட்டினர். ஒளியின் செய்தியும் வெல்லத்தின் செய்தியும் ரோரிலே வந்து கூடுகின்றன. காரணம் விளங்குகின்றது. மண்ணுக்குள்ளே இருக்கும்போதே இலை விரித்தால் முளைக்கு அழிவு. கையிலே முதல் இருந்தாலும் சந்தை கூடும்வரை கடை திறவாத வணிகன் போன்றது அது.

பசியின் குரல்

வளரலாம் என்று சொல்ல ரோர் இருப்பதுபோல, வளராதே என்று சொல்லவும் ஒன்று உண்டு. வெல்லம் குறையும்போது எழும் புரதம் அது. 2007இல் அதன் ஆட்சி எத்துணை விரிந்தது என்பதைக் கண்டனர். அது எழுந்தால் செடி செலவைச் சுருக்குகின்றது. புதியன கட்டுவதை நிறுத்துகின்றது. சேமித்ததை எடுத்து உண்கின்றது.

அந்தப் புரதத்தை அடக்கி வைப்பது திரெகலோசு-6-பொசுபேற்று என்னும் வெல்லவகை. பெயர் நீளமானது, அளவோ மிகச் சிறியது. உணவாகப் பயன்பட அது போதாது. சுக்குரோசு மிகும்போது மிகுந்து, குறையும்போது குறைந்து, சுக்குரோசுக்குத் தூதாக நிற்பதே அதன் தொழில். உணவிலிருந்து செய்தி முற்றாகப் பிரிந்து தனியே நிற்பதை இங்கே காண்கின்றோம். 2013இல் ஜேர்மனியிலே, இந்தத் தூது குறைந்த செடிகளை ஆராய்ந்தனர். பூக்கத் தகுந்த நீண்ட பகல் வந்தும் அவை மிகவும் தாமதித்தே பூத்தன. காலம் கனிந்தது என்று நாட்பொழுது சொன்னது. களஞ்சியம் நிறைந்தது என்று தூது சொல்லவில்லை. குருத்துக் காத்திருந்தது.

இரவிலே ஒளியில்லை. பகலிற் சேர்த்த மாப்பொருளை உடைத்தே செடி விடியும்வரை வாழ வேண்டும். அதனைச் சீராகப் பங்கிட்டு, விடியும்போது ஏறக்குறைய முழுவதும் தீருமாறு செலவிடுகின்றது அரபிடொப்சிசு. பன்னிரண்டு மணி நேரப் பகலுக்குப் பழகிய செடியை எட்டு மணி நேரத்திலேயே இருளில் வைத்தார்கள் நோர்விச் நகரத்து ஆய்வாளர். அன்றிரவே செலவின் வேகத்தைக் குறைத்து, நீண்ட இரவுக்கும் போதுமாறு அது பங்கிட்டுக்கொண்டது. மாதக் கடைசியை எண்ணிச் செலவிடும் ஆசிரியர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

தலை போனபின் கிளை ஏன்?

நம் வேலிகளிலே நிற்கும் கதியால்களைப் பாருங்கள். கிளுவையும் பூவரசும் குழைக்காக வெட்டப்படுகின்றன. தலையை வெட்டியதும் பக்க அரும்புகள் தளிர்க்கின்றன. நுனி இருக்கும்வரை அவை உறங்கின. நுனி பக்க அரும்புகளை அடக்கி வைக்கும் இந்த இயல்பை முனையாட்சி என்பர்.

நுனி எதனால் அடக்குகின்றது? 1933இல் கென்னத் திமான், போல்கே ஸ்கூக் என்னும் இருவர் விடை கூறினர். நுனியிலிருந்து ஒட்சின் என்னும் ஓமோன் கீழே இறங்குகின்றது. அது பக்க அரும்பைத் தடுக்கின்றது என்றனர். வெட்டிய நுனியின் இடத்தில் அந்தப் பொருளை வைத்தபோது அரும்புகள் அடங்கியே இருந்தன. எண்பது ஆண்டு வரை பாடநூல்கள் இதனையே முதற் காரணமாகச் சொல்லி வந்தன.

2014இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துக் கிறிஸ்ரின் பெவரிட்ஜ் அம்மையாரும் உடன் ஆராய்ந்தோரும் பட்டாணிச் செடியிலே கணக்குப் பார்த்தனர். ஒட்சின் தண்டிலே மணிக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் செல்வது. நுனியை வெட்டினால் நெடுந்தூரம் கீழே உள்ள அரும்பின் பக்கத்தில் ஒட்சின் குறைய நெடுநேரம் செல்லும். அரும்போ அதற்கு முன்பே, சில மணி நேரத்திலேயே வளரத் தொடங்கிவிட்டது. கட்டளை நீங்கியதனால் அரும்பு எழுந்தது என்றால், கட்டளை நீங்குமுன் எழுந்தது எவ்வாறு?

விரைந்து சென்றது வெல்லம். நுனி இருக்கும்போது வெல்லத்தை எல்லாம் தன்னிடம் இழுத்துக்கொள்கின்றது. நுனி போனதும் அந்த வெல்லம் பக்க அரும்புகளுக்குப் பாய்கின்றது. இலைகளையும் நீக்கியபோது அரும்புகளின் வளர்ச்சி குன்றியது. நுனியை வெட்டாமலே சுக்குரோசை ஊட்டியபோது அரும்பு எழுந்தது. ஒட்சினுக்கு வேலை இல்லை என்பதன்று. எழுந்த அரும்பின் பிற்கால வளர்ச்சியிலே அதற்குப் பங்கு உண்டு. முதற் குரல் மாத்திரம் வெல்லத்தினுடையது.

கதியால் விடயத்தில் நுனி அரசன், ஏனையவை குடிகள் என்றே நான் மாணவருக்கு உவமை சொல்லி வந்தேன். அரசனின் ஆணையன்று, பந்தியின் பங்கீடு என்று இனிச் சொல்ல வேண்டும். பல ஆண்டு சொன்ன உவமையைத் திரும்பப் பெறுவது சற்று வருத்தமே. வருந்தியும் பெற்றே ஆகவேண்டும்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே கவ்வாத்து வெட்டும் வழக்கம் உண்டு. கொழுந்து பறித்துப் பறித்து உயர்ந்த செடியைத் தாழ வெட்டி மீண்டும் தளிர்க்க விடுதல் அது. வெட்டிய செடியில் இலை இல்லை. வேரிற் சேர்ந்த மாப்பொருளைக் கொண்டே தளிர்க்க வேண்டும். ஆதலால் வெட்டுமுன் வேர்த்துண்டிலே அயடீன் இட்டுப் பார்ப்பர். கருநீலம் பிடித்தால் மாப்பொருள் உண்டு. பிடிக்காவிட்டால் பறிப்பதை நிறுத்திச் செடியை ஆறவிட்டுப் பின்னரே வெட்டுவர். அன்றேல் செடி பட்டுப்போகும். வளர்ச்சிக்கு முன் களஞ்சியத்தைக் கேட்பதையே இங்கே மனிதன் செய்கின்றான். குருத்து அதனை நாள்தோறும் செய்கின்றது.

மாணவனுக்கு விடை

மரத்துக்கு நாவுண்டோ?

விடை சொல்ல எளிய வழிகள் இரண்டு உள. தொல்காப்பியர் தவறினார் என்று சொல்லிவிடுதல் ஒன்று. அவர் இதனையும் அன்றே அறிந்திருந்தார் என்று சூத்திரத்தை வளைத்துப் பொருள்கொள்ளுதல் மற்றொன்று. பின்னது நம்மவர்க்கு நன்கு பழகிய வழி. ஊறு என்பதிலே வெல்லம் உறுதலும் அடங்கும் என்று அரை நாழிகையில் உரை எழுதிவிடலாம். கைதட்டவும் ஆள் உண்டு. அவ்வுரையால் நூலுக்கும் பெருமையில்லை, செடிக்கும் பெருமையில்லை.

சூத்திரம் பேசுவது பொறிகளை. நா என்பது சுவைப்பதற்கென அமைந்த தனிப்பொறி. செடிக்கு அப்படி ஒரு பொறி இல்லை. இனிப்பை இனிப்பென்று துய்க்கின்றது என்பதற்குச் சான்றும் இல்லை. வெல்லத்தின் உண்மையையும் அளவையும் கலந்தோறும் அறிந்து, அதற்கேற்ப நடக்கின்றது. அறிதல் உண்டு, நா இல்லை. 'நாவில்லை' என்றது இன்றும் பிழையன்று. 'நாவில்லாததனால் வெல்லத்தை அறியாது' என்று நாம் நினைத்துக்கொண்டோமே, அது பிழை. அந்தப் பிழை சூத்திரத்தினுடையதன்று, நம்முடையது.

இன்னும் ஒன்று. இந்தப் பகுப்பைத் தம்முடையது என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. நுட்பமாக உணர்ந்தவர்கள் முறைப்படுத்திய நெறி என்றே சொல்கின்றார். கண்டவர்கள் கண்டபடி வகுத்தனர். அவர் எடுத்து மொழிந்தார். ஆகவே இந்தச் சூத்திரத்தின் அதிகாரம் காட்சியிலே தங்கியிருக்கின்றது. பின்வந்தோர் இன்னும் நுட்பமாகக் கண்டால் அவர்கள் நூலுக்குப் பகைவர் ஆகார்.

தமிழிலே 'பொருள்' என்னும் சொல்லுக்குப் பண்டம் என்பதும் அர்த்தம். சொல்லின் கருத்து என்பதும் அர்த்தம். ஒரே சொல் இரண்டையும் சுமப்பதை இலக்கண வகுப்பிலே எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றேன். வெல்லம் செடிக்கு இருவகையாலும் பொருள். உண்ணும்போது பண்டம், அறியும்போது கருத்து. பண்டத்தை மாத்திரம் கண்டு, கருத்தைக் காணாமல் நெடுங்காலம் இருந்தோம்.

இவற்றை எல்லாம் வகுப்பிலே சொன்னேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. அந்த மாணவன் மீண்டும் எழுந்தான்.

"அப்படியானால் மரத்துக்குப் பசி உண்டா, ஐயா?"

வெல்லம் குறைந்தால் எழும் புரதம் நினைவுக்கு வந்தது. அதனைப் பசி என்று சொல்லலாமா? வருந்துபவன் இல்லாதபோது பசி யாருடையது? சித்தாந்தம் படித்தவன் இந்தக் கேள்விக்கு விரைந்து விடை சொல்லக் கூடாது.

"நாளை பார்ப்போம்" என்றேன். இந்த முறை அது தந்திரம் அன்று.